பள்ளியில் எந்தக் குழந்தையும் தனித்து நிற்கக் கூடாது

(போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் நடைபெற்ற பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில், தீவுகளின் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நாள் முழுவதும் உழைத்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். துறைமுகத்திலும் கட்டுமானப் பணியிலும் வேலை முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். கூலி உயர்வுக்காகவோ ஒப்பந்தத் தொழிலாளர் உரிமைக்காகவோ கூடுவது நமக்குப் பழக்கமானது. பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையால் கொடுமைப்படுத்தப்படுவதைப் பற்றிப் பேச நாம் இப்படிக் கூடுவது வழக்கமில்லை. அதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். ‘பிள்ளைகள் விளையாட்டு’ என்கிறோம். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

கலாய்ப்பது, ஓட்டுவது, சீண்டுவது, வம்பிழுப்பது என்று நம் பேச்சில் இதற்குப் பல சொற்கள் உண்டு. எல்லாச் சொற்களிலும் சிரிப்பு கலந்திருக்கிறது. செய்பவனின் சிரிப்பு அது. அதை அனுபவிக்கும் குழந்தையின் பக்கம் நின்று உருவான ஒரு சொல்லும் நம்மிடம் புழக்கத்தில் இல்லை. அதனால்தான் அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்தாலும் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாமல் ‘வயிறு வலிக்கிறது, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை’ என்று சொல்கிறது.

நாங்குநேரி சொல்லும் பாடம்

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 12ஆம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் மாணவன், உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களால் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டாள். நாடே அதிர்ந்தது. ஆனால் அந்த இரவுக்கு முன்னால் நடந்தவற்றை நாம் போதுமான அளவு பேசவில்லை.

அந்த மாணவன் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. பள்ளி காரணம் கேட்டது. தாயும் மகனும் பள்ளிக்கு வந்தார்கள். வள்ளியூரில் இருந்த அந்தப் பள்ளியில், தன்னை யார் யார் எப்படியெல்லாம் துன்புறுத்துகிறார்கள் என்று மாணவன் எடுத்துச் சொன்னான். நடவடிக்கை எடுப்பதாகப் பள்ளி சொன்னது. அன்று இரவே அரிவாள்கள் வந்தன.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். இங்கே பள்ளி எதையுமே கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. வராத மாணவனைப் பற்றி விசாரித்தது, புகாரைக் கேட்டது, நடவடிக்கை எடுப்பதாகவும் சொன்னது. ஆனால் புகார் சொன்ன குழந்தைக்கு அன்று மாலை என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே எழவில்லை. புகார் சொன்ன நிமிடத்திலிருந்து அவனுக்கு ஆபத்து கூடுகிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அறிந்துகொள்வது ஒரு கட்டம், பாதுகாப்பது இன்னொரு கட்டம். இரண்டுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் இரண்டு குழந்தைகள் வெட்டுப்பட்டார்கள்.

அந்த மாணவன் மீண்டு எழுந்து, மறு ஆண்டு பொதுத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். நாம் அனைவரும் பெருமைப்பட்டோம். ஆனால் ஒரு குழந்தையின் மன உறுதியைப் பாராட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. 2025 மார்ச் மாதம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த 11ஆம் வகுப்பு தலித் மாணவன் ஒருவன் வழிமறித்து வெட்டப்பட்டான். அவன் கைவிரல்கள் துண்டாயின. அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் 8ஆம் வகுப்பு மாணவன் சக மாணவனை வகுப்பறையிலேயே அரிவாளால் தாக்கினான்; தடுத்த ஆசிரியையும் காயமடைந்தார். பள்ளிப் பையில் அரிவாள் வருவதற்கு முன்னால் எத்தனையோ சிறிய அடையாளங்கள் வந்து போயிருக்கும். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

சண்டையும் கொடுமையும் ஒன்றல்ல

குழந்தைகள் சண்டை போடுவார்கள். பென்சிலுக்கும் பந்துக்கும் சண்டை வரும்; மறுநாள் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் குற்றமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

நார்வே நாட்டில் 1980களின் தொடக்கத்தில் மூன்று சிறுவர்களின் தற்கொலைச் செய்தி அந்நாட்டை உலுக்கியது. 1983இல் பள்ளிகளில் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அதில் முன்னின்ற டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் மூன்று அளவுகோல்களைத் தந்தார். தெரிந்தே துன்பம் தருவது முதலாவது. திரும்பத் திரும்ப நடப்பது இரண்டாவது. இரு தரப்புக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது மூன்றாவது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது சண்டை அல்ல, கொடுமை.

மூன்றாவது அளவுகோல் நம் போன்ற இயக்கத்தாருக்கு உடனே புரிய வேண்டும். வலிமை என்றால் உடல் பலம் மட்டுமா? எந்தச் சாதி, எந்த மொழி, அப்பா என்ன வேலை, என்ன நிறம், ஆணா பெண்ணா, நடையில் பேச்சில் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கிறதா, காது கேட்குமா கேட்காதா என்று சமூகம் யாரை எல்லாம் கீழே வைத்திருக்கிறதோ, அந்தப் பட்டியலைக் குழந்தைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நாம் வீட்டுத் திண்ணையில் பேசுவதை அவர்கள் விளையாட்டுத் திடலில் செய்து பார்க்கிறார்கள். யுனெஸ்கோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாத காலத்தில் இப்படிப்பட்ட கொடுமைக்கு உள்ளானதாகச் சொல்கிறது. அது எங்கோ இருக்கும் பள்ளிகளின் கணக்கு என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது.

இந்தத் தீவுகளைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 3 லட்சத்து 80 ஆயிரம் பேர்தான். அதற்குள் வங்காளியரும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் இந்தி பேசுவோரும் நிக்கோபாரியரும் ஒரே பஜாரில் அரிசி வாங்குகிறோம். இதைக் ‘குட்டி இந்தியா’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமைக்கு உண்மை இருக்கிறது. ஆனால் கறுப்பான தமிழ்ப் பையனை ‘மதராசி’ என்று அழைக்கும் குரலையும் நாம் கேட்டிருக்கிறோம். 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்டக் கொண்டுவரப்பட்ட ஆதிவாசித் தொழிலாளர்களின் பிள்ளைகள், நான்கு தலைமுறைக்குப் பிறகும் ‘ராஞ்சி’ என்று ஆள் சேர்த்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறார்கள். அதைச் சொல்பவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. ஓரிடத்தில் அடிபடுபவன் இன்னோரிடத்தில் அடிப்பவனாக மாறுவது இப்படித்தான். தொலைதூரத் தீவிலிருந்து மேற்படிப்புக்காகப் போர்ட் பிளேர் வந்து விடுதியில் தங்கும் பிள்ளைக்கு, சாயங்காலம் போய்ச் சொல்ல வீடுகூட அருகில் இல்லை.

நான் செய்த தவறு

அறிவுரை சொல்லும் உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் ஒரு பையன் தினமும் தாமதமாக வந்தான். மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து வியர்வையோடு வாசலில் நிற்பான். நான் அவனை வெளியே நிற்க வைத்தேன். ஒழுங்கில்லாதவன் என்று குறிப்பேட்டில் எழுதினேன். இடைவேளையில் அவன் நூலகத்துக்கு வெளியே, ஆசிரியர் அறைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பான். ‘போய் விளையாடு’ என்று விரட்டினேன். சட்டையில் மை இருந்தது, சுத்தமில்லாதவன் என்றேன். ஆண்டின் நடுவில் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். அதற்குப் பிறகுதான் ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்: படகுத்துறையில் பெரிய பையன்கள் நான்கு பேர் தினமும் அவனுக்காகக் காத்திருப்பார்களாம். அவர்கள் போன பிறகு அடுத்த படகில் வருவதற்காகவே அவன் தாமதித்தானாம். ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் நின்றது, அங்கே மட்டும்தான் அவர்கள் வரமாட்டார்கள் என்பதால்.

அவன் எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டேதான் இருந்தான். நான் அந்தச் செய்தியைக் குற்றமாகப் படித்தேன். அவனைத் துன்புறுத்தியவர்கள் நால்வர் என்றால், ஐந்தாவது ஆள் நான்.

ஆகவே, அடையாளங்களைக் கவனியுங்கள். திடீரெனத் தாமதம், திடீரென விடுப்பு, கிழிந்த புத்தகம், காணாமல் போகும் பேனாவும் சில்லறைக் காசும், பசியோடு வீடு திரும்புவது, கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்வது, குழுவாகப் பிரியச் சொன்னால் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் நிற்பது, அவன் பதில் சொல்ல எழுந்தாலே வகுப்பில் ஓடும் மெல்லிய சிரிப்பு. இவை எதுவும் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், ஆசிரியர் கையில் பிரம்பை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வியை எடுக்க வேண்டும். இப்போது கைப்பேசியும் வந்துவிட்டது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவனை மட்டும் விட்டுவிடுவதும், அவன் படத்தைக் கேலிப்படமாக்கி அனுப்புவதும் இரவு பதினொரு மணிக்கும் தொடர்கின்றன. முன்பெல்லாம் வீட்டு வாசலோடு நின்றுவிட்ட தொல்லை, இன்று தலையணைக்குக் கீழேயே வந்து கிடக்கிறது.

எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். ஆசிரியர் இல்லாத இடத்தில்தான் நடக்கும்: கழிப்பறை, மாடிப்படி, சத்துணவு வரிசை, பேருந்து நிறுத்தம், படகுத்துறை. ஒரு பள்ளி தன் வரைபடத்தை எடுத்து, எந்த நேரத்தில் எந்த இடத்தில் பெரியவர் யாரும் இல்லை என்று குறித்துப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். மாணவர்களிடம் பெயர் எழுதாத தாளைக் கொடுத்து, ‘இந்தப் பள்ளியில் உனக்குப் பயம் தரும் இடம் எது?’ என்ற ஒரே ஒரு கேள்வி கேட்டால் மீதிப் பாதியும் தெரியும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

சிறைச்சாலையின் பழக்கம்

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செல்லுலார் சிறை நிற்கிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையையும், அதற்கு முந்தைய தண்டனைக் குடியிருப்பையும் ஆங்கிலேயர் எப்படி நடத்தினார்கள்? எல்லா இடத்திலும் வெள்ளைக்காரக் காவலரை நிறுத்தவில்லை. கைதிகளிலிருந்தே ‘வார்டர்’, ‘பெட்டி ஆபீசர்’, ‘டிண்டல்’ என்று ஆட்களைப் பொறுக்கியெடுத்து, கைதியை வைத்தே கைதியை அடித்தார்கள். அடிக்கும் கைதிக்குச் சிறு சலுகை. அடிபடும் கைதிக்குப் புகார் சொல்ல வழியில்லை. மேலதிகாரிக்கோ எல்லாம் அமைதியாக நடப்பதாகத் தெரியும்.

நம் வகுப்பறைகளிலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்பது, ஐம்பது பேர் கொண்ட வகுப்பை விட்டு ஆசிரியர் வெளியே போகும்போது, ‘பேசுபவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுது’ என்று ஒரு மாணவனிடம் சாக்குத்துண்டைக் கொடுக்கிறோம். அவன் யார் பெயரை எழுதுவான், யார் பெயரை அழிப்பான், அழிப்பதற்கு என்ன கேட்பான் என்று நாம் பார்ப்பதில்லை. ஆசிரியர் பற்றாக்குறையை ஒரு குழந்தையின் கையில் அதிகாரம் கொடுத்து ஈடுகட்டுகிறோம்.

அதே சிறை நமக்கு வேறொரு பாடத்தையும் தருகிறது. 1933இலும் 1937இலும் அங்கே அரசியல் கைதிகள் கூட்டாக உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினார்கள். 1933இல் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் கொடுத்தார்கள். 1937 போராட்டத்தின் விளைவாக அரசியல் கைதிகள் தாயகச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தனித்தனி அறையில் பூட்டிப் பிரித்து வைத்தவர்களை ஒன்றுசேர்த்தது, பக்கத்து அறைக்காரனுக்கு நடப்பது எனக்கும் நடப்பதே என்ற உணர்வு.

பள்ளியிலும் மருந்து அதுதான். கொடுமை செய்பவன் தனக்காக மட்டும் செய்வதில்லை, பார்வையாளர்களுக்காகச் செய்கிறான். சுற்றி நிற்பவர்கள் சிரித்தால் அது வளர்கிறது. அவர்கள் சிரிக்காமல் நகர்ந்து, அடிபட்டவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அதற்கு வேர் இல்லாமல் போகிறது. ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி, அரசின் ஆதரவோடு 2009 முதல் நாடெங்கும் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ‘கிவா’ திட்டம் இந்த அடிப்படையில் அமைந்ததே. வேடிக்கை பார்ப்பவர்களைத் துணை நிற்பவர்களாக மாற்றுவதே அதன் மையம். நாம் அதை ஒற்றுமை என்கிறோம். பெயர் எதுவானாலும் கற்றுத்தரக்கூடிய ஒன்று அது.

புகார் வந்தால் என்ன செய்வது?

நாங்குநேரியின் இடைவெளியை அடைக்க ஒரு பள்ளி செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், குழந்தையைத் தனியாக உட்கார வைத்து முழுவதும் கேட்க வேண்டும். ‘நீ என்ன செய்தாய்?’ என்று தொடங்கக் கூடாது. சொன்னதைத் தேதியோடு எழுத வேண்டும்.

இரண்டாவது, இரு தரப்பையும் ஒரே அறையில் நிறுத்தி ‘கைகொடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லக் கூடாது. சமமானவர்களுக்கு இடையே சமரசம் செய்யலாம். அஞ்சுபவனையும் அச்சுறுத்துபவனையும் எதிரெதிரே நிறுத்தினால், அங்கே நடப்பது அடுத்த அச்சுறுத்தல்.

மூன்றாவது, அன்றைய மாலைக்கான ஏற்பாடு. யாரோடு வீட்டுக்குப் போவான்? எந்தப் பேருந்து, எந்தப் படகு? வீட்டில் யார் இருப்பார்கள்? சாதியோ ஆயுதமோ மிரட்டலோ கலந்திருந்தால் காவல்துறைக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அன்றே தகவல் போக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்க வேண்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பது இங்கேதான் உயிருக்கு உலையாகிறது.

நான்காவது, இடம் மாற்ற வேண்டியிருந்தால் துன்புறுத்தியவரை மாற்ற வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையை வேறு பிரிவுக்கோ வேறு பள்ளிக்கோ அனுப்புவது, நியாயம் கேட்டதற்குத் தண்டனை கொடுப்பது போன்றது.

ஐந்தாவது, ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் தோற்பது இங்கேதான். ஒருமுறை கண்டித்ததும் கோப்பு மூடப்படுகிறது. கொடுமை படிக்கட்டிலிருந்து படகுத்துறைக்கு இடம் மாறுகிறது.

துன்புறுத்திய மாணவனை என்ன செய்வது? இதை உணர்ச்சிவசப்படாமல் யோசிக்க வேண்டுகிறேன். அவனும் குழந்தைதான். வீட்டில் அடிபடுபவனாக இருக்கலாம். சாதிப் பெருமையை ஊட்டி வளர்க்கப்பட்டவனாக இருக்கலாம். பள்ளியை விட்டுத் துரத்தினால் அவனை இரு கை நீட்டி வரவேற்கச் சாதிச் சங்கங்களும் போதை வியாபாரிகளும் காத்திருக்கிறார்கள். செய்ததற்கு அவன் பொறுப்பேற்க வேண்டும், விளைவைச் சந்திக்க வேண்டும், அதே நேரம் கல்வியிலிருந்து அறுக்கப்படக் கூடாது. பிரம்பால் அடித்துத் திருத்தலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற பாடத்தை ஆசிரியரே நடத்திக்காட்டிவிட்டு, மாணவன் அதைப் பின்பற்றினான் என்று குறைசொல்ல முடியாது.

ஏட்டில் இருப்பவை

சட்டமே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் வகுத்தது. பள்ளிகளைப் பொறுத்தவரை, இந்தத் தீவுகளின் பள்ளிகள் இணைந்திருக்கும் சி.பி.எஸ்.இ. வாரியம் 2015 மார்ச்சில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒவ்வொரு பள்ளியிலும் கொடுமைத் தடுப்புக் குழு அமைக்க வேண்டும். அதில் மூத்த ஆசிரியர், மனநல ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி, மாணவர் ஆகியோர் இருக்க வேண்டும் என்றது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதிவாய்ந்த ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி அளிக்க வேண்டும் என்று வழிகாட்டியது.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, மாணவரின் சாதி விவரம் வருகைப் பதிவேட்டில் தெரியாமல் காப்பது, 500க்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமிப்பது என்று பல பரிந்துரைகள் அதில் உள்ளன. இதைக் கண்டு கொதித்தவர்கள் யார்? சென்னை மாநகராட்சி மன்றத்தில் பாஜக உறுப்பினர் அறிக்கையின் நகலைக் கிழித்தார். 2019இல் பள்ளிக் கல்வித் துறை சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டபோதும், அதே முகாமிலிருந்து எதிர்ப்பு வந்தது. அன்றைய அதிமுக அரசு பின்வாங்கியது. குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டிய கயிறு யாருடைய கையில் முடிகிறது என்பதை இது காட்டுகிறது.

இந்த யூனியன் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் கிடையாது. கல்வித் துறையைக் கேள்வி கேட்க நமக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை. அதனால் பெற்றோர் கேட்டால்தான் உண்டு. உங்கள் பிள்ளையின் பள்ளிக்குச் சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கொடுமைத் தடுப்புக் குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர்கள் யார்? ஆலோசகர் இருக்கிறாரா, என் பிள்ளை பேசும் மொழியில் அவர் பேசுவாரா? கடைசியாகக் குழு எப்போது கூடியது? மொழியைப் பற்றிய கேள்வியைத் தவறவிடாதீர்கள். அவமானத்தை ஒரு குழந்தை இரண்டாம் மொழியில் சொல்லாது. தமிழ், வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரி எதுவானாலும் தாய்மொழியில் கேட்க ஒரு காது வேண்டும்.

காலிப் பணியிடங்களை நிரப்பாமல், ஒப்பந்த ஆசிரியரிடம் மூன்று வகுப்புகளை ஒப்படைத்துவிட்டு, ‘ஒவ்வொரு குழந்தையையும் கவனியுங்கள்’ என்று சுற்றறிக்கை விடுவது கேலிக்கூத்து. ஆசிரியர்களின் பணிநிலைமைக்கான போராட்டமும் குழந்தைகளின் பாதுகாப்புக்கான போராட்டமும் ஒன்றே. எனவே ஆசிரியத் தோழர்கள் இந்தக் கூட்டத்தைத் தங்கள் மீதான குற்றச்சாட்டாகக் கருத வேண்டாம்.

நம் வீட்டையும் பெருக்குவோம்

இறுதியாக ஒன்று. 2024 பிப்ரவரியில் கேரளத்தின் வயநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் ஒரு மாணவர் கூட்டாகத் துன்புறுத்தப்பட்டு இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் இடதுசாரி மாணவர் அமைப்பைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வலதுசாரிகள் இதை அரசியலாக்கினார்கள் என்பது உண்மை. அதைச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. செங்கொடி பிடித்த கை எளியவன் மீது ஓங்கினால், எதிரி கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டும். பள்ளியின் பெயரைக் காக்க உண்மையை மறைக்கும் தலைமையாசிரியருக்கும், அமைப்பின் பெயரைக் காக்க உண்மையை மறைக்கும் நமக்கும் வேறுபாடு இருக்க வேண்டாமா?

பெற்றோர்களே, இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ‘எவ்வளவு மார்க்?’ என்ற கேள்வியை ஒத்திவையுங்கள். ‘இன்றைக்கு இடைவேளையில் யாரோடு இருந்தாய்?’ என்று கேளுங்கள். ‘உன் வகுப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது யார்?’ என்றும் கேளுங்கள். முதல் கேள்வி உங்கள் குழந்தையைக் காக்கும். இரண்டாவது கேள்வி இன்னொருவர் குழந்தையைக் காக்கும்.

மாணவச் செல்வங்களே, புகார் சொல்வது கோள்மூட்டுவது ஆகாது. உங்கள் வகுப்பில் யாராவது தனித்து நின்றால் நாளை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் யாரோடும் சண்டையிட வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

அன்று தாமதமாக வந்த அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் பிள்ளைக்கு இன்று பள்ளி வயது வந்திருக்கும். அந்தப் பிள்ளை படகிலிருந்து இறங்கும்போது துறையில் காத்திருப்பவர்கள் நண்பர்களாக இருக்கட்டும். அதற்கான குழுவை ஒவ்வொரு பள்ளியிலும் அமைக்கச் சொல்லி, கல்வித் துறைக்கு அளிக்கப்போகும் மனுவில் கையெழுத்திட்டுவிட்டு அனைவரும் கலைந்து செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.